இணையம் என்னும் இருவழிச் சாலை

நுழையும்முன்

அறிவிப்புப் பலகையாகத் தொடங்கிய இணையம் இன்று விண்ணப்பம் பெறுகிறது, கட்டணம் பெறுகிறது, குறை கேட்கிறது, விடையும் தருகிறது. வங்கியும் தொடர்வண்டி நிலையமும் வட்டாட்சியர் அலுவலகமும் கல்லூரிச் சேர்க்கையும் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? நிறுவனங்கள் இதனை ஏற்றுக்கொண்டபோது எவை எளிதாயின? எவை புதிதாகக் கடினமாயின? திரையின் முன் அமரும் நாம் அறிந்திருக்க வேண்டியவை யாவை? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கிண்டிக்குச் சென்ற இரவுப் பேருந்து

சில ஆண்டுகளுக்கு முன்புவரை, பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றுப் பொறியியல் பயில விரும்பிய மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயணம் காத்திருந்தது. இராமநாதபுரத்து மாணவியாயினும் கிருஷ்ணகிரி மாணவராயினும், கலந்தாய்வு நாளில் சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் இருக்க வேண்டும். தந்தையோ தாயோ உடன்வர, முதல்நாள் இரவே பேருந்து ஏறுவர். விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவி, சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி வளாகத்தை அடைவர். அரங்கத்தின் பெரிய திரைகளில், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள் எஞ்சியுள்ளன என்னும் விவரம் ஓடிக்கொண்டிருக்கும். தம் முறை வந்ததும் சில நிமிடங்களில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

2018ஆம் ஆண்டு இக்கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. இரவுப் பயணம் நின்றது. கூலி இழப்பும் தங்கும் செலவும் குறைந்தன. ஆனால், மாறியது இடம் மட்டுமன்று. அரங்கில் மாணவர் எஞ்சியுள்ள இடங்களைக் கண்ணால் கண்டு ஒன்றைத் தேர்ந்தார். இணையத்திலோ, தமக்கு முன்னுள்ளோர் எவற்றை எடுப்பர், எவை எஞ்சும் என்பதை அறியாமலேயே தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி முன்கூட்டியே பதிய வேண்டியதாயிற்று. அரங்கில் தேவைப்பட்டது விரைந்து முடிவெடுக்கும் துணிவு. இணையத்தில் தேவைப்படுவது எல்லா நிலைகளையும் முன்னரே எண்ணிப் பார்க்கும் திட்டமிடல்.

ஒரு நிறுவனம் இணையத்திற்கு மாறும்போது அதன் முறையும் மாறுகிறது. அந்நிறுவனத்தை அணுகுவோரிடம் அது எதிர்பார்க்கும் திறனும் மாறுகிறது. இந்த உண்மையை மனத்தில் கொண்டு, இணையம் வளர்ந்த வரலாற்றைக் காண்போம்.

ஒருவழியிலிருந்து இருவழிக்கு

ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அம்மையம் அறிவித்தது. தொடக்ககால வலைப்பக்கங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையை ஒத்திருந்தன. ஒட்டியிருப்பதைப் படிக்கலாம், மறுமொழி கூற இயலாது.

அப்பலகைக்கு அருகே ஒரு பெட்டியை வைத்தது படிவம் என்னும் வசதி. பயனர் தம் பெயரையும் தேவையையும் கட்டங்களில் நிரப்பி அனுப்ப, மறுமுனையிலுள்ள வழங்கி அதனைப் பெற்று, தரவுத்தளத்தில் தேடி, அவருக்கென்றே ஒரு பக்கத்தை உருவாக்கித் திருப்பி அனுப்பியது. முன்பே எழுதிவைத்த பக்கத்தைக் காட்டுவதற்கும், கேட்டவருக்கேற்ப அந்நொடியில் பக்கத்தை ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடே இருவழி இணையத்தின் தொடக்கமாகும்.

எனினும் ஓர் இடர் இருந்தது. வழங்கிக்கு நினைவாற்றல் இல்லை. ஒவ்வொரு முறையும் அது நம்மைப் புதியவராகவே கருதும். இரண்டு பொருள்களை எடுத்துவைத்துவிட்டு மூன்றாவதைக் கேட்கும்போது, ‘நீங்கள் யார்?’ என வினவும் கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். இக்குறையை நீக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி 1994ஆம் ஆண்டு ‘குக்கி’ எனப்படும் நினைவியை உருவாக்கினார். வழங்கி தரும் சிறு அடையாளச் சீட்டை நம் உலாவி வைத்துக்கொண்டு, அடுத்த முறை செல்லும்போது அதனைக் காட்டும். இணையக் கடையின் பொருள்கூடையும் வங்கித் தளத்தின் உள்நுழைவும் இச்சீட்டினால் இயலுவனவாயின.

மறு ஆண்டே, அதே நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். உலாவிக்குள்ளேயே இயங்கும் இம்மொழியால், கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால், படிவத்தை அனுப்பும் முன்பே அதனைச் சுட்டிக்காட்ட முடிந்தது. 1999ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் தன் உலாவியில் சேர்த்த மற்றொரு வசதி, பக்கம் முழுவதையும் மீண்டும் பெறாமல் வேண்டிய பகுதியை மட்டும் புதுப்பிக்க வழிசெய்தது. 2004இல் வந்த ஜிமெயிலும் 2005இல் வந்த கூகுள் வரைபடமும் இவ்வழியைப் பெரிதும் கையாண்டன. வரைபடத்தை நகர்த்த நகர்த்த அடுத்த ஊர் தோன்றியபோது, படிக்கும் பக்கமாக இருந்த வலை, பணிசெய்யும் கருவியாக மாறிவிட்டதை உலகம் உணர்ந்தது.

நம்பிக்கையை விற்ற வணிகர்கள்

இருவழித் தொழில்நுட்பத்தை வணிக உலகம் விரைந்து பற்றிக்கொண்டது. கடைக்கு வாடகை இல்லை. இரவு பகல் இல்லை. ஊர் எல்லையும் இல்லை. ஆனால், வணிகத்தின் அடிப்படை நம்பிக்கை. முகமறியா வணிகரிடம், கையில் தொட்டுப் பார்க்காத பொருளை எவ்வாறு நம்பி வாங்குவது?

1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இபே என்னும் ஏலத்தளத்தில் முதன்முதலாக விற்பனையானது, பழுதான ஒரு லேசர் சுட்டுக்கருவி. அதன் விலை 14.83 டாலர். பழுதென அறிந்தே ஒருவர் அதனை வாங்கினார். பொருளின் குறையை மறைக்காமல் கூறினால் அதற்கும் வாங்குநர் உண்டு என்பதை அந்த விற்பனை உணர்த்தியது. மறு ஆண்டே, விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டு எழுதும் முறையை அத்தளம் கொண்டுவந்தது. ஒருவர் நேர்மையுடன் நடந்த ஒவ்வொரு முறையும் அவர் பெயரின் அருகே பதிவாகிச் சேர்ந்தது. ஊர்ச்சந்தையில் தலைமுறை தலைமுறையாகச் சேரும் நற்பெயர், இணையச் சந்தையில் எண்ணாகவும் எழுத்தாகவும் சேர்ந்தது.

அதே 1995இல் நூல் விற்பனையைத் தொடங்கிய அமேசான், வாடிக்கையாளர் தம் கருத்தை நூலின் பக்கத்திலேயே எழுத இடமளித்தது. பாராட்டு மட்டுமன்றிக் கடுமையான குறைகளும் அங்கே இடம்பெற்றன. விற்கும் பொருளைப் பழிக்கும் சொற்களைக் கடைக்காரரே தம் கடையில் தொங்கவிடுவதா என்று பதிப்புத் துறையில் சிலர் வியந்தனர். ஆயினும், குறையையும் காட்டும் கடையை மக்கள் கூடுதலாக நம்பினர்.

இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. மதிப்புரைகள் விற்பனையை உயர்த்தும் எனக் கண்டதும், பணம் பெற்றுப் பொய்யுரை எழுதுவோர் தோன்றினர். ஆகவே ஐந்து விண்மீன்களைக் கண்டவுடன் மயங்காமல், குறை கூறியோர் கூறும் காரணங்களையும் படித்துத் தெளிதல் அறிவுடைமை.

ஒரே படுக்கை, இரண்டு பயணிகள்

பொது நிறுவனம் ஒன்று இணையத்தை ஏற்ற வரலாற்றுக்கு, இந்தியத் தொடர்வண்டித் துறையின் முன்பதிவு சிறந்த சான்றாகும். கணினி வருவதற்கு முன், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பேரேடுகள் இருந்தன. அவ்வண்டிக்குரிய சாளரத்தில் வரிசையில் நின்று, எழுத்தர் பேரேட்டைப் புரட்டிப் பெயரை எழுதிய பின்னரே பயணச்சீட்டு கிடைக்கும். 1985ஆம் ஆண்டு புதுதில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கியது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் முன்பதிவு செய்யும் நிலை பின்னர் உருவாயிற்று. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்கள் ஒரே வலையமைப்பாக இணைக்கப்பட்டன.

2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், இந்தியத் தொடர்வண்டி உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. ஆனால், தொடக்கத்தில் பயணி இணையத்தில் பணம் செலுத்த, அச்சிட்ட பயணச்சீட்டு தூதஞ்சல்வழி அவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டது. கணினியில் நொடியில் முடிந்த பணி, தாளாகிக் கைக்கு வர நாள்கள் ஆயின. தொழில்நுட்பம் மாறியும் ‘பயணச்சீட்டு என்பது நிலையம் அச்சிட்டுத் தரும் தாள்’ என்னும் விதி மாறாமையே காரணம்.

2005இல் மின்-பயணச்சீட்டு வந்தது. பயணி தாமே வெற்றுத்தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டையை உடன் வைத்திருந்தால் போதும். பின்னர்க் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியே போதுமானதாயிற்று. பயணச்சீட்டு என்பது தாளன்று, தரவுத்தளத்தில் உள்ள ஒரு பதிவு. அப்பதிவுக்குரியவர் இவரே என்பதைக் காட்டுவது அடையாள அட்டை என்னும் தெளிவு விதிகளில் இடம்பெற்ற பின்னரே, இணையம் வரிசையை உண்மையாகக் குறைத்தது. நிறுவனங்கள் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே. பழைய விதியின்மேல் புதிய திரையை ஒட்டுவதால் பயன் சிறிது. விதியையே மறுபடி எண்ணும்போதுதான் பயன் பெரிது.

இம்முறையின் உள்ளே நிகழும் ஒரு நுட்பத்தையும் அறிதல் வேண்டும். நெல்லைக்குச் செல்லும் வண்டியில் ஒரே ஒரு படுக்கை எஞ்சியுள்ளது. சென்னையில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் அதே நொடியில் அதனை வேண்டுகின்றனர். இருவர் திரையிலும் ‘1 இடம் உள்ளது’ என்றே தோன்றுகிறது. இருவருக்கும் கொடுத்துவிட்டால் வண்டியில் பூசல். இருவருக்கும் மறுத்தால் இடம் வீண். இதனைத் தவிர்க்கத் தரவுத்தளம் முதலில் வந்த வேண்டுகோளுக்காக அவ்விடத்தைப் பூட்டுகிறது. அவ்வேண்டுகோள் முழுமையாக நிறைவேறும். அல்லது முழுமையாகக் கைவிடப்படும். இடைநிலை கிடையாது. அதுவரை மற்றவர் காத்திருப்பார். திரையில் இடம் இருப்பதாகக் கண்டு, பணம் செலுத்தும் நேரத்தில் காத்திருப்போர் பட்டியலுக்குச் சென்றுவிட்ட பயணிகள் பலரின் வருத்தத்திற்குக் காரணம் ஏமாற்றன்று. திரையில் காண்பது சற்றுமுன் இருந்த நிலை என்பதே.

பயன் பெருகப் பெருக நெருக்கடியும் பெருகியது. தட்கல் முன்பதிவு தொடங்கும் நேரத்தில் நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே நொடியில் நுழைந்தனர். தளம் திணறியது. மென்பொருளைக் கொண்டு மனிதரினும் விரைந்து பயணச்சீட்டுகளைக் கைப்பற்றும் முறைகேடரும் தோன்றினர். 2014இல் நிமிடத்திற்கு 7,200 பயணச்சீட்டுகளை வழங்கவல்ல புதிய அமைப்பு நிறுவப்பட்டது; முந்தைய அமைப்பின் அளவு 2,000 ஆகும். 2015இல் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, ஏனைய வகுப்புக்கு 11 மணி எனத் தட்கல் நேரம் பிரிக்கப்பட்டது. முன்னது இயந்திரத்தின் ஆற்றலைப் பெருக்கியது. பின்னது கூட்டத்தை இரண்டாகப் பகுத்தது. திருவிழாக் கூட்டத்தை நெறிப்படுத்தும் ஊர்ப்பெரியவர்க்கு இவ்விரண்டு வழிகளும் புதியன அல்ல.

தெரியுமா?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. மின்னணு ஆவணங்களுக்கும் மின்னணுக் கையொப்பத்திற்கும் சட்டம் ஏற்பளித்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 நடைமுறைக்கு வந்த பின்னரே. இணையத்தில் அட்டைவழிப் பணம் செலுத்தும்போது அட்டையில் உள்ள எண்களோடு கூடுதலாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2016ஆம் ஆண்டு யுபிஐ என்னும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறை அறிமுகமாயிற்று.

கோப்பு எங்கே இருக்கிறது?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றிற்கு அலைந்த அனுபவம் நம் பெற்றோர்க்கு உண்டு. கிராம நிருவாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படிப்படியாகச் செல்லும் கோப்பு, இப்போது எவர் மேசையில் உள்ளது என்பதை அறியவே பலமுறை நடக்க வேண்டியிருந்தது. இன்று இ-சேவை மையத்திலோ வீட்டிலிருந்தோ விண்ணப்பிக்கலாம். சரிபார்ப்போர் அதே அலுவலர்களே. அவர்களின் கடமையும் அதுவே. ஆனால், விண்ணப்ப எண்ணைக் கொண்டு கோப்பின் நிலையை எவரும் காணலாம். முடிவு குறுஞ்செய்தியாக வருகிறது; சான்றிதழ் மின்னணுக் கையொப்பத்துடன் வருகிறது. இணையம் இங்கே அலுவலரை நீக்கவில்லை. கோப்பை ஒளியில் வைத்தது. காணக்கூடிய தாமதத்தைக் கேள்வி கேட்கலாம். காணமுடியாத தாமதத்தைக் கேட்க இயலாது.

மக்கள் வெறும் விண்ணப்பதாரராக மட்டுமன்றிப் பங்காளராகவும் ஆகலாம் என்பதைக் காட்டியது விக்கி முறை. வார்டு கன்னிங்காம் 1995இல் உருவாக்கிய இம்முறையில், பக்கத்தைப் படிப்பவரே அதனைத் திருத்தலாம். ‘விக்கி’ என்பது ‘விரைவு’ எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா இம்முறையில் வளர்ந்தது; 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. ஒவ்வொரு திருத்தமும் பதிவாவதால், தவறான மாற்றத்தை எளிதில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பூட்டிப் பாதுகாப்பதற்கு மாற்றாக, திறந்து வைத்துத் திருத்திக்கொள்ளும் இவ்வழியைப் பல நிறுவனங்கள் தம் பணியாளரின் அனுபவ அறிவைத் தொகுக்கவும் கையாளுகின்றன.

முதல்நாளில் ஆறு பேர்

தோல்விகளும் நமக்கு ஆசான்களே. அமெரிக்காவில் மக்கள் மருத்துவக் காப்பீடு பெறுவதற்கென ‘ஹெல்த்கேர்.கவ்’ என்னும் அரசுத்தளம் 2013ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் முயன்றனர். முதல்நாளில் பதிவை முழுமையாக முடித்தவர் ஆறு பேர் மட்டுமே என்பது பின்னர் வெளியான அலுவல் குறிப்புகளால் தெரியவந்தது.

அறிஞர் பெருகிய நாட்டில், பெரும்பொருள் செலவிட்ட தளம் ஏன் நிலைகுலைந்தது? பணியைப் பல ஒப்பந்த நிறுவனங்கள் பகிர்ந்து செய்தன. முழுமைக்கும் பொறுப்பேற்று ஒருங்கிணைப்பார் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே இயங்கினும், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு குடிமகன் செல்லும் வழியை முழுமையாகச் சோதிப்பதற்கு இறுதி இரு வாரங்களே கிடைத்தன. காப்பீட்டின் விலையை அறிய மட்டும் வந்தவரும் முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என வைத்திருந்தனர். கடையைப் பார்க்க வந்தவர் அனைவரையும் வாயிலில் நிறுத்திப் பெயர் எழுதச் சொன்னதுபோல், அவ்வாயிலே நெரிசலில் அடைபட்டது.

பின்னர்ப் பொறியாளர் குழு ஒன்று அழைக்கப்பட்டது. நாள்தோறும் கூடி, எது பழுது, யார் சரிசெய்வர், எப்போது முடியும் என்னும் மூன்றையும் வெளிப்படையாகப் பேசினர். இரு திங்களில் தளம் சீரடைந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள், கூட்டரசு மற்றும் மாநிலங்களின் தளங்கள் அனைத்திலுமாக எண்பது இலட்சம் பேர் பதிந்தனர். மக்களின் தேவையைக் கண்டறிதல், சிறிதாகத் தொடங்கிச் சோதித்தல், குறையை மறைக்காது திருத்துதல் ஆகியனவே தொழில்நுட்பத்தினும் முதன்மையானவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

படிவத்திற்குள் அடங்காத பெயர்

படிவம் ஒவ்வொன்றும் அதனை வடிவமைத்தவரின் எண்ணத்தைச் சுமந்து வருகிறது. இதனைத் தமிழர் நன்கு அறிவர். பல படிவங்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரண்டு கட்டங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நமக்கோ குடும்பப்பெயர் வழக்கம் பெரிதும் இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரை எழுதுவதே நம் மரபு. அக்கட்டத்தை நிரப்பும் பொருட்டு ஒருவர் முன்னெழுத்தை இடுவார். மற்றொருவர் தந்தையின் முழுப்பெயரை இடுவார். இன்னொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுவார். விளைவாக மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயரும், ஆதாரில் ஒரு பெயரும், கடவுச்சீட்டில் ஒரு பெயருமாக ஒரே மனிதர் மூவராகிறார். ‘பெயர் பொருந்தவில்லை’ என்னும் ஒற்றை வரி, கல்வி உதவித்தொகையையும் வெளிநாட்டுப் பயணத்தையும் நிறுத்தவல்லது. பிழை மாணவருடையதன்று, நம் பெயர் மரபை அறியாத படிவத்தினுடையது. ஆயினும் அதன் சுமை மாணவர்மேல் விழுகிறது.

கண்பார்வை அற்றோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால் இணையத்தைக் கேட்டறிகின்றனர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய பார்வையற்ற இளைஞர் இருவரின் முயற்சியால் வளர்ந்த ‘என்விடிஏ’ என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால், படிவத்தின் கட்டத்திற்கு உரிய பெயர்க்குறிப்பு இடப்படாவிடில், திரைபடிப்பான் ‘கட்டம்’ என்று மட்டுமே சொல்லும். என்ன நிரப்புவது? கோணல் எழுத்துகளைப் படமாகக் காட்டித் ‘தட்டச்சு செய்க’ எனக் கேட்கும் சோதனை, இயந்திரத்தைத் தடுக்க எண்ணிப் பார்வையற்ற மனிதரைத் தடுத்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இத்தடைகளை நீக்குவதைக் கடமையாக்கியுள்ளது.

மொழியும் ஒரு வாயிலே. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் சிதையும் நிலை இவற்றால் நீங்கியது. இனி வேண்டுவது, தளத்தின் முகப்பில் மட்டுமன்றிப் படிவத்தின் கட்டங்களிலும் பிழைச் செய்திகளிலும் நல்ல தமிழ் இடம்பெறுவதாகும். வரவேற்பு தமிழிலும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இருந்தால், எளியவர் தடுமாறும் இடத்தில்தான் மொழி அவரைக் கைவிடுகிறது.

பொறுப்பு இரு முனைகளிலும்

இருவழிச் சாலையில் நாம் பெறுவதோடு கொடுக்கவும் செய்கிறோம். நம் பெயர், முகவரி, கைப்பேசி எண், வாங்கிய பொருள், தேடிய சொல் யாவும் நிறுவனங்களைச் சென்றடைகின்றன. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் வழியே, 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எதற்காகப் பெறுகிறோம் என்பதைக் கூறி, ஒப்புதலுடன், தேவையான அளவே தரவைப் பெறுதல் நிறுவனத்தின் கடமை. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் பகிராமை நம் கடமை. இணையவழியில் பணம் இழந்தால் சற்றும் தாழ்த்தாது 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து கூறினால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு.

இவ்வாண்டின் இறுதியில் நீங்களும் ஏதேனும் ஒரு சேர்க்கைப் படிவத்தின் முன் அமர்வீர்கள். அருகிலுள்ள கணினி மையத்தில் ‘நீங்கள் போங்கள், நான் நிரப்பிவிடுகிறேன்’ என ஒருவர் கூறக்கூடும். உதவி பெறுவதில் இழுக்கில்லை. ஆனால், கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். விருப்பப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். தரவரிசையில் உங்கள் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்கி, எஞ்சியுள்ள முதல் இடத்தை ஒதுக்கும். ஆதலால் மிக விரும்புவதை மேலே எழுதுங்கள். ‘கிடைக்காது’ எனக் கருதி அதனைக் கீழே தள்ள வேண்டா. கீழே மேலும் சிலவற்றைச் சேர்ப்பதால் மேலுள்ளவற்றின் வாய்ப்புக் குறைவதில்லை. இரண்டு மூன்று விருப்பங்களோடு நிறுத்திக்கொண்டவர்க்கு, அவை அனைத்தும் நிரம்பிவிட்டால் அச்சுற்றில் இடமே கிடைக்காமற் போகலாம்.

கிண்டிக்குச் சென்ற இரவுப் பேருந்தில் மாணவருடன் ஒரு தந்தை இருந்தார். அரங்கின் வாயிலில் வழிகாட்ட ஓர் அலுவலர் இருந்தார். திரையின் முன் அமரும் மாணவரும் தனித்து விடப்படலாகாது. அதனாலேயே இணையவழிக் கலந்தாய்விலும் மாவட்டந்தோறும் உதவி மையங்கள் அமைக்கப்பட்டன. சாளரம் திரையாக மாறலாம். சாளரத்தின் பின்னிருந்து ‘என்ன வேண்டும்?’ எனக் கேட்ட மனிதக் குரல் மறைந்துவிடக் கூடாது. நாளை இத்தளங்களை வடிவமைப்போரும், அவற்றின் விதிகளை வகுப்போரும் உங்களிலிருந்தே வருவர். அப்போது, முன்னெழுத்தோடு பெயர் எழுதும் ஒரு கிராமத்து மாணவியையும், காதால் திரையைப் படிக்கும் ஓர் இளைஞரையும் நினைவில் கொண்டு படிவத்தின் முதல் கட்டத்தை வரையுங்கள்.

கலைச்சொல் அறிவோம்

உலாவி – பிரௌசர்
வழங்கி – சர்வர்
தரவுத்தளம் – டேட்டாபேஸ்
நினைவி – குக்கி
கடவுச்சொல் – பாஸ்வேர்டு
ஒருங்குறி – யூனிகோடு
திரைபடிப்பான் – ஸ்கிரீன் ரீடர்

கற்பவை கற்றபின்...

1. தொடர்வண்டிப் பயணச்சீட்டு அல்லது அரசுச் சான்றிதழ் பெறுவதற்கு முன்பு மேற்கொண்ட முயற்சிகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, இன்றைய முறையுடன் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. இணையவழிப் படிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தமிழ்ப் பெயர் மரபுக்கு ஏற்ப அது அமைந்துள்ளதா என ஆராய்ந்து, வேண்டிய திருத்தங்களைப் பரிந்துரைத்து உரிய நிறுவனத்திற்குக் கடிதம் வரைக.
3. ‘இணையவழிச் சேவை எளியோரை நெருங்கியுள்ளது – விலக்கியுள்ளது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
4. உங்கள் ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரையைப் படித்து, விடுபட்ட செய்திகளைத் தக்க சான்றுகளுடன் தொகுத்து ஆசிரியரிடம் காட்டுக.